மூன்று பேருக்கும் ஒரே பிழை

பதினான்கு என்ற எண்ணைக் கண்டால் றொஷானிக்கு இப்போதும் எரிச்சல் வரும். அந்த எரிச்சலைத் தொடக்கிவைத்த புண்ணியவான் ஜெகதீஸ் சேர்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. யாழ்ப்பாணத்தில் தகரக் கூரை போட்ட நீண்ட கொட்டகை ஒன்றுக்குள் இருநூறு பிள்ளைகள் இருந்தார்கள். எல்லாரும் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படிப்பவர்கள். சோதனைக்கு இன்னும் ஆறு மாதம். போன கிழமை வைத்த பரீட்சையின் விடைத்தாள்களைப் பேர் சொல்லிக் கொடுத்து முடித்த சேர், மூன்று தாள்களை மட்டும் மேசையில் கவிழ்த்து வைத்திருந்தார்.

"நெடுந்தீவுப் பிள்ளையள் மூண்டு பேரும் எழும்புங்கோ."

பெண்கள் பக்கத்துக் கடைசி வாங்கிலிருந்து றொஷானியும் சுமித்திராவும் எழும்பினார்கள். ஆண்கள் பக்கத்துக் கடைசி வாங்கிலிருந்து கிளின்ரன் எழும்பினான்.

"இரண்டாம் கேள்வி. x வர்க்கம் சக y வர்க்கம் சமன் இருபத்தைஞ்சு. ஒரு வட்டம். அதிலை மூண்டு, நாலு எண்ட புள்ளியிலை படித்திறன், அதுதான் தொடுகோட்டின்ரை சரிவு, என்னெண்டு கேட்டனான். உங்கள் மூண்டு பேருக்கும் பதினாலு." சேர் கரும்பலகையில் ஒரு வட்டம் கீறி, உச்சிக்குக் கொஞ்சம் வலப்பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். "இதிலை கோடு வலப்பக்கமாய்ச் சரிஞ்சு இறங்குது. இவையளுக்குப் பதினாலாம். பனையிலை ஏறுறதுக்குத்தான் உந்தப் படித்திறன் காணும்."

இருநூறு பேரும் சிரித்தார்கள். மற்றவன் மாட்டுப்பட்டால் சிரிக்கிறதற்கு யாருக்கும் ரியூசன் தேவையில்லை.

"மூண்டாம் கேள்வியிலையும் இதே பிழை. நாலாம் கேள்வியிலையும் இதே பிழை. சரி எண்டால் இருநூறு பேருக்கும் ஒண்டாய் வரலாம், பிழை அப்பிடி ஒண்டாய் வராது. ஆர் ஆரைப் பார்த்து எழுதினதெண்டு அடுத்த சனி வந்து உண்மையைச் சொல்லுங்கோ. சொல்ல ஏலாதெண்டால் அதோடை வகுப்புக்கு வரவேண்டாம்."

கிளின்ரன் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம், நடுவில் எட்டடிப் பாதை, எப்படிப் பார்த்து எழுதுகிறது என்று கேட்டிருக்கலாம். கேட்க வேண்டியதெல்லாம் றொஷானிக்குப் பஸ்சில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது. கோபக்காரருக்கு வாய்த்த விதி அது.

நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் படிக்கப் போய்வருவது லேசான வேலை இல்லை. விடிய ஆறரைக்குப் படகு. ஒரு மணித்தியாலம் கடலில் ஆடிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, நேவிக்காரருக்கு அடையாள அட்டையும் பையும் காட்டி, பஸ் ஏறி, புங்குடுதீவும் வேலணையும் தாண்டிப் பட்டணம் போய்ச் சேர ஒன்பதேகால். வகுப்பு பத்து மணிக்கு. திரும்பி வருகிறதற்கு நாலு மணிக்கு ஒரே ஒரு படகு. அதைப் பிடிக்கிறதென்றால் பட்டணத்தில் ஒன்று நாற்பது பஸ்சைப் பிடிக்க வேண்டும். படகை விட்டால் அடுத்த நாள்தான் ஊர்.

அன்றைக்குத் திரும்புகிற படகின் மேல்தட்டில், வெங்காய மூட்டைக்கும் ஒரு சைக்கிளுக்கும் இடையில் இருந்தபடி சுமித்திராதான் தொடங்கினாள்.

"நான் உன்ரை தாளைப் பார்க்கேல்லை."

"நீ பார்த்தனி எண்டு நான் சொன்னனானோ?" என்றாள் றொஷானி. சொல்லவில்லைத்தான். ஆனால் பஸ் முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள், அதனால் அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"என்னை ஏன் பாக்கிறியள்?" என்றான் கிளின்ரன். "நான் அந்தப் பக்கம் இருந்தனான். எனக்கென்ன பருந்துக் கண்ணோ?"

இதையெல்லாம் மூட்டைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் ஞானசவுந்தரி. றொஷானி வீட்டுக்கு நாலு வளவு தள்ளி இருப்பவள். நல்ல மனுசி, வாய்க்கு மட்டும் மூடி இல்லை. "பார்த்து எழுதிப் பிடிபட்டுப் போச்சோ பிள்ளையள்?" என்று ஆதரவாகத்தான் கேட்டாள். அந்த ஆதரவு படகில் இருந்த நாற்பது பேருக்கும் கேட்டது.

"கொப்பியளை எடுங்கோ" என்றாள் றொஷானி, மற்ற இரண்டு பேரிடமும்.

மூன்று கொப்பிகளையும் வெங்காய மூட்டையின்மேல் விரித்து வைத்தார்கள். பரீட்சைக்கு முந்திய சனிக்கிழமைப் பாடம். வட்டத்தின் சமன்பாடு. அதன் கீழே, y ஐத் தனியே பிரித்து எடுக்காமல், இருந்தபடியே இரண்டு பக்கத்தையும் வகையிடலாம் என்று ஒரு வரி. அதற்குக் கீழே:

2x + 2y

அவ்வளவுதான். சமன் இல்லை, முற்றுப்புள்ளி இல்லை. றொஷானியின் கொப்பியில் அது குண்டு எழுத்து, சுமித்திராவின் கொப்பியில் மணிமணியான எழுத்து, கிளின்ரனின் கொப்பியில் கோழி கிளறிய எழுத்து. மூன்றிலும் அதே இடத்தில் நின்றது.

"இது என்ன, ஏன் நிக்குது?" என்றாள் சுமித்திரா.

"நீ செருமினாய்" என்றாள் றொஷானி, கிளின்ரனைப் பார்த்து.

உண்மைதான். ஒன்று இருபத்தைந்துக்குக் கிளின்ரன் தன் மணிக்கூட்டைப் பார்த்துச் செருமுவான். அதுதான் மூன்று பேருக்கும் சைகை. சேர் கரும்பலகைக்குத் திரும்பி எழுதுகிற நேரமாகப் பார்த்து, கடைசி வாங்கிலிருந்து பூனை மாதிரி எழும்பிப் பஸ்சுக்கு ஓடுவார்கள். வகுப்பு முடிகிறதோ இரண்டு மணிக்கு. அந்தச் சனிக்கிழமை சேர் 2y என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் இன்னும் ஏதோ எழுதச் சோக்கைத் தூக்கிய நேரம் கிளின்ரன் செருமியிருக்கிறான். மிச்சத்தை எழுதியபோது இவர்கள் பஸ்சுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். இருந்த 2x சக 2y தான் விடை என்று நினைத்து, மூன்றையும் நாலையும் போட்டு, ஆறும் எட்டும் பதினாலு என்று மூன்று பேரும் தனித்தனியே, நேர்மையாக, ஒரே பிழையை விட்டார்கள்.

றொஷானி பழைய பக்கங்களைப் புரட்டினாள். ஒவ்வொரு சனியும் அரைவாசியில் நின்றது. ஒரு தேற்றத்துக்கு நிறுவல் பாதி. ஒரு கணக்குக்கு விடை இல்லை.

"உன்ரை கொப்பியைப் பார்த்து நிரப்புவம் எண்டுதானே நான் விட்டனான்" என்றாள் சுமித்திராவிடம்.

"நான் கிளின்ரன்ரையைப் பார்ப்பம் எண்டு விட்டனான்."

கிளின்ரன் தலையைச் சொறிந்தான். "நான் றொஷானியின்ரையை."

முதல் வாங்கில் இருக்கிற பட்டணத்துப் பிள்ளைகளிடம் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஒருமுறை கேட்டார்கள். "நீங்கள்தானே படம் பாக்க இடையிலை எழும்பி ஓடுற ஆக்கள்" என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு தீவார் தீவாரிடம்தான் கேட்கிறது என்று மூன்று பேரும் வைராக்கியம் எடுத்துக்கொண்டார்கள். வைராக்கியம் நல்லதுதான், ஆனால் மூன்று பேரும் ஒரே பஸ்சில் போகிறவர்கள் என்பதை ஒருத்தரும் யோசிக்கவில்லை.

றொஷானிக்கு அந்த இடத்தில் அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஒன்றரை வருடமாக அவள் தன் தலையைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள். எந்தக் கணக்கிலும் கரைவரை போய்த் தவறிவிடுகிற தலை, கணிதத்துக்குச் செய்யாத தலை என்று யாருக்கும் சொல்லாமல் உள்ளுக்குள் வைத்திருந்தாள். இப்போது பார்த்தால் பிழை பஸ்சில் இருந்தது.

ஆனால் இதை யார் நம்புவார்கள்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சேர் ஒரு சொல்லில் முடித்துவிடுவார். அந்தப் பாதி வரியின் மிச்சத்தைத் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டு போனால்தான் அவர் காது கொடுத்துக் கேட்பார். நெடுந்தீவில் இணைந்த கணிதத்துக்கு வாத்தியார் இல்லை. அடுத்த சனி வரைக்கும் இவர்கள்தான் இவர்களுக்கு.

படகு கரைக்கு வந்து றொஷானி சைக்கிளில் வீடு போய்ச் சேர முன்னம் சங்கதி போய்ச் சேர்ந்துவிட்டது. தாய் பிலோமினம்மா குசினி வாசலில் நின்றாள். ஐந்து பிள்ளை பெற்று, மீன் கருவாடாக்கி விற்று, ஒருத்தர் பொருளைத் தொடாமல் வாழ்ந்த மனுசி.

"பார்த்து எழுதினனியோ?"

"இல்லை அம்மா."

பிலோமினம்மா மகளின் நாடியைப் பிடித்து நிமிர்த்தினாள். "அப்ப ஏன் எனக்கு முன்னாலை தலையைக் குனியிறாய்? இதை அந்த வாத்தியாருக்கு முன்னாலை நிண்டு சொல்லு. சொல்லாமல் வந்தியெண்டால் பிறகு படகு ஏற வேண்டாம்."

இப்போது இரண்டு வாசலும் அந்த ஒரு சனிக்கிழமையில் வந்து நின்றன. சேரிடம் காட்ட முடியாவிட்டால் வகுப்பும் இல்லை, படகும் இல்லை, ஆறு மாதத்தில் சோதனையும் இல்லை.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் றொஷானி அந்த 2y ஐ வெறித்துப் பார்த்தாள். x வர்க்கத்தை வகையிட்டால் 2x. சரி. அப்ப y வர்க்கத்தை வகையிட்டால் 2y தானே? அதற்குப் பக்கத்தில் என்னத்தை எழுதுகிறது?

விடை, செவ்வாய்க்கிழமை பின்னேரம், வீட்டு ஆட்டின் வடிவில் வந்தது. பக்கத்து வளவின் பூசணிக் கொடியைத் தின்றதற்காக வெள்ளைச்சி என்ற அந்த ஆட்டைப் பிலோமினம்மா கல்மதிலுக்குத் தள்ளி வெளியில் முளை அடித்துக் கட்டியிருந்தாள். கயிறு எட்டுகிற இடத்துப் புல் முழுவதையும் அது தின்று தீர்த்துவிட்டு, எட்டாத புல்லுக்கு ஆசைப்பட்டு, கயிறு விறைக்க விறைக்க ஓரத்தில் நடந்துகொண்டிருந்தது. முளையைச் சுற்றி மொட்டையாய் ஒரு வட்டம். றொஷானி கொப்பியோடு மதிலில் இருந்து பார்த்தாள். ஆடு கிழக்கே ஒரு அடி வைத்தால், கயிறு அதைத் தெற்கே இழுத்தது. இன்னும் ஒரு அடி வைத்தது. இன்னும் தெற்கே இழுபட்டது. கிழக்கே மட்டும் தனியாகப் போக அதற்கு ஏலாது.

அவள் மதிலிலிருந்து இறங்கினாள்.

கிழக்கே போன தூரம் x, வடக்கே இருக்கிற தூரம் y, கயிறு ஐந்து. அதுதானே வட்டம். x அசைந்தால் y சும்மா நிற்காது. y என்பது x மாதிரி ஒரு சுதந்திரமான எழுத்து இல்லை, x இன் கயிற்றில் கட்டுப்பட்ட எழுத்து. y க்கு உள்ளே x ஒளித்துக்கொண்டிருக்கிறது.

உள்ளே ஒன்று ஒளித்திருந்தால் என்ன செய்கிறதென்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும். சங்கிலி விதி. அந்தப் பாடம் வகுப்பின் தொடக்கத்திலேயே நடந்தது, ஆகவே தலை தொடக்கம் வால் வரை கொப்பியில் இருந்தது. 3x சக ஒன்று, அடைப்புக்குள், ஐந்தாம் அடுக்கு. முதலில் வெளியில் இருக்கிற அடுக்கை வகையிடு. பிறகு அடைப்புக்குள் இருப்பதை வகையிட்டுப் பெருக்கு. y வர்க்கமும் அதே கதைதான். வெளியில் வர்க்கம், உள்ளே y. வர்க்கத்தை வகையிட 2y. உள்ளே இருக்கிற y ஐ வகையிட? y க்குள் என்ன இருக்கிறதென்று தெரியாதே. தெரியாவிட்டால் என்ன, அதை வகையிட்டால் வருகிறதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைத்தானே கேள்வியே கேட்கிறது.

ஆட்டுப் புழுக்கைக்கு நடுவில் இருந்து அவள் எழுதினாள். 2x + 2y dy/dx = 0. பிறகு dy/dx = −x/y. மூன்றையும் நாலையும் போட்டாள். சய முக்கால். சய என்றால் கழித்தல்; கோடு வலப்பக்கமாய்ச் சரிந்து இறங்குகிறது.

நம்பிக்கை வராமல், பழைய முறையிலும் செய்து பார்த்தாள். y ஐ வர்க்கமூலமாகத் தனியே எடுத்து, அரைப் பக்கம் முறித்து முறித்து வகையிட்டாள். அங்கேயும் சய முக்கால். மகிழ்ச்சியில் அவளுக்கு யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. வெள்ளைச்சிதான் கிட்ட நின்றது, அதைக் கட்டிப்பிடித்தாள்.

அடுத்த நாள் மற்ற இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சொன்னாள். சுமித்திராவுக்கு உடனே பிடிபட்டது. கிளின்ரன் தொட்டுப் பார்க்காமல் எதையும் நம்பாதவன்.

"உதெல்லாம் கடதாசியிலை வரும். உண்மையிலை வருமோ?"

"வா, அளந்து பாப்பம்."

தகப்பனின் வலைக்கயிற்றில் ஐந்து பாகம் அளந்து எடுத்தாள். ஒரு பாகம் ஆறு அடி. ஆட்டை அவிழ்த்துவிட்டு அதே முளையில் கயிற்றைக் கட்டி, மறு நுனியைக் கிளின்ரனின் கையில் கொடுத்தாள். முளையிலிருந்து கிழக்கே மூன்று பாகம், வடக்கே நாலு பாகம் அளந்து அவனை நிறுத்தினார்கள். கயிறு விறைத்து நின்றது.

"இப்ப ஒரு அடி கிழக்காலை போ. கயிறு இளகக்கூடாது."

அவன் போனான். தெற்கே எவ்வளவு இழுபட்டான் என்று சுமித்திரா அடிமட்டத்தால் அளந்தாள். முக்கால் அடி என்றால் ஒன்பது அங்குலம் வரவேண்டும். ஒன்பதரைக்குக் கிட்ட வந்தது.

"பார், கூடக் கிடக்கு" என்றான் கிளின்ரன், பெரிய வெற்றியாக.

"ஒரு அடி பெரிசடா. போகப்போகச் சரிவும் மாறுதெல்லோ. நாலு அங்குலம் மட்டும் போ."

நாலு அங்குலம் போனான். மூன்று அங்குலம் இழுபட்டான். சுமித்திரா இரண்டு முறை அளந்தாள். மூன்று அங்குலம்தான். கிளின்ரன் கயிற்று நுனியைக் கையில் பிடித்தபடி, காலுக்குக் கீழே இருந்த நிலத்தை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த வழியால் போன ஞானசவுந்தரி சைக்கிளை நிறுத்தினாள். ஆடு பூசணிக் கொடிக்குள் நின்றது. முளைக் கயிற்றில் கிளின்ரன் நின்றான்.

"என்ன பிள்ளை, ஆட்டை விட்டிட்டுப் பெடியனைக் கட்டியிருக்கிறியள்?"

"அவருக்குத்தான் அக்கா மேய்ச்சல் தேவை" என்றாள் சுமித்திரா.

படித்துப் படித்து மூன்றுக்கும் விசர் பிடித்துவிட்டது என்ற செய்தி அன்று பின்னேரமே மேற்குக் கரை வரைக்கும் போனது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. பிலோமினம்மா பூசணிக் கொடிக்காக மட்டும் ஏசினாள்.

சனிக்கிழமை வந்தது. ஜெகதீஸ் சேர் பத்து மணிக்குத் தொடங்கியவர், இவர்கள் மூன்று பேரையும் ஏறெடுத்தும் பார்க்காமல் பாடத்தை நடத்திக்கொண்டு போனார். மறந்துவிட்டாரோ, மன்னித்துவிட்டாரோ தெரியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் றொஷானிக்கு அது போதாது. மணி ஒன்று ஐந்துக்கு எழும்பினாள்.

"சேர், நாங்கள் பார்த்து எழுதேல்லை."

இருநூறு தலையும் பின்பக்கம் திரும்பின. சேர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"அப்ப மூண்டு பேருக்கும் பதினாலு எங்கையிருந்து வந்தது?"

"முதல் ஒரு கணக்குத் தாங்கோ சேர். அதைச் செய்துபோட்டுச் சொல்லுறன். மற்ற ரெண்டு பேரையும் வெளியிலை விடுங்கோ."

சேருக்கு அந்தத் துணிச்சல் பிடித்ததோ, எரிச்சலோ, யாருக்குத் தெரியும். சுமித்திராவையும் கிளின்ரனையும் வாசலுக்கு அனுப்பினார். கரும்பலகையைத் துடைத்து, x மூன்றாம் அடுக்கு சக y மூன்றாம் அடுக்கு சமன் 6xy என்று எழுதினார். y ஐ இதில் எந்தக் கொம்பனாலும் லேசில் தனியே பிரிக்க ஏலாது. சோக்கை அவளிடம் நீட்டினார்.

இப்படியொன்றை றொஷானி கண்டதே இல்லை. இடப்பக்கம் எழுதினாள்: 3x² + 3y² dy/dx. அது சரி. வலப்பக்கம் வந்து நின்றாள். x ம் y ம் பெருக்கலில் ஒட்டிக்கொண்டு நின்றன. வாசலிலிருந்து செருமல் கேட்டது. ஒன்று இருபத்தைந்து. கிளின்ரன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான்.

"போங்கோ" என்றாள் றொஷானி, திரும்பாமல்.

அவர்கள் போகவில்லை. அதைப் பார்க்கவும் அவளுக்கு நேரமில்லை. பெருக்கல் என்றால் ஒன்றை வைத்து மற்றதை வகையிடு, பிறகு மாறி. x ஐ வகையிட ஒன்று, 6y. y ஐ வகையிட அதன் பெயர், 6x dy/dx. கட்டுப்பட்ட எழுத்தைத் தொட்ட இடமெல்லாம் கயிறும் வரவேண்டும், அவ்வளவுதானே. dy/dx இருந்தவற்றை ஒரு பக்கம் கூட்டி, மற்றதை மறு பக்கம் அனுப்பி, மூன்றால் பிரித்து எழுதினாள்:

dy/dx = (2y − x²) / (y² − 2x)

சேர் வரிவரியாகப் பார்த்தார். ஒன்றும் பிடிக்கக் கிடைக்கவில்லை.

"இவ்வளவு தெரிஞ்ச நீர் அந்தப் பரீட்சையிலை ஏன் அப்பிடி எழுதினீர்?"

அவள் மூன்று கொப்பிகளையும் மேசையில் விரித்தாள். சேர் முதலாவதைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், மூன்றாவதையும் பார்த்தார். பின்பக்கமாகப் புரட்டினார். இன்னும் புரட்டினார்.

"எல்லாம் அரைவாசியிலை நிக்குது."

"பஸ், சேர்."

"என்ன பஸ்?"

"ஒண்டு நாப்பது பஸ். அதை விட்டால் நாலு மணிப் படகு இல்லை. படகை விட்டால் ஊருக்குப் போக ஏலாது. ஒண்டரை வருசமாய் ஒண்டு இருபத்தைஞ்சுக்கு எழும்பிப் போறம். நாங்கள் படம் பாக்கப் போறேல்லை."

முதல் வாங்கில் ஒருத்தி குனிந்து பேனை தேடினாள். சேர் பன்னிரண்டு வருடமாக அந்தக் கொட்டகையில் படிப்பிக்கிறவர், ஒரு நாளும் நெடுந்தீவுக்குப் போனவர் இல்லை. கடைசி வாங்கு வெறுமையாகிறதை அவர் கண்டதும் இல்லை. அந்த நேரம் எப்போதும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.

மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்று நாற்பத்திரண்டு.

"பஸ் போயிட்டுதே."

மேசை லாச்சியைத் திறந்து கார்ச் சாவியை எடுத்தார். "நீங்கள் எல்லாரும் இருங்கோ, வாறன்" என்று இருநூறு பேருக்கும் சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

சேரின் ஒஸ்ரின் கார் அவரைவிட ஐந்தாறு வயது மூத்தது. அதற்குள் மூன்று பேரையும் அடைத்துக்கொண்டு பண்ணைப் பாலத்தில் இறங்கினார். தூரத்தில் பஸ் தெரிந்தது. கார் தன்னால் ஏலுமானமட்டும் இருமிக்கொண்டு ஓடியது. மண்டைதீவுச் சந்தியில் பஸ் மறைந்தது; அல்லைப்பிட்டியில் திரும்பத் தெரிந்தது. "மிதியுங்கோ சேர்" என்று கிளின்ரன் தன்னை மறந்து கத்தியதற்குச் சேர் ஒன்றும் சொல்லவில்லை, மிதித்தார். வேலணையில் வங்களாவடிச் சந்தியில் யாரோ புண்ணியவான் பஸ் கூரையில் மூன்று மூட்டைத் தவிடு ஏற்றிக்கொண்டு நின்றான். கார் போய்ப் பஸ்சுக்கு முன்னால் குறுக்கே நின்றது.

மூன்று பேரும் பாய்ந்து ஏறினார்கள். சேர் காரிலிருந்து இறங்கிப் பஸ்சின் மிதிபலகையடிக்கு வந்தார். அவருக்கும் மூச்சு வாங்கியது.

"பிள்ளை" என்றார். பிறகு மற்ற இரண்டு பேரையும் பார்த்தார். "நான் அண்டைக்கு எல்லாருக்கும் முன்னாலை சொன்னது பிழை. நீங்கள் பார்த்து எழுதேல்லை. அடுத்த சனி அதையும் எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறன்."

பஸ்சில் நாலாவது சீற்றில், பட்டணத்துக்குச் சாமான் வாங்க வந்து திரும்புகிற ஞானசவுந்தரி இருந்தாள். இந்தச் செய்தியைப் பிலோமினம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற பொறுப்பு யாருடையது என்று இனிச் சொல்ல வேண்டியதில்லை.

"இன்னொண்டு" என்றார் சேர். "வகுப்பு இனி ஒன்பதரைக்குத் தொடங்கும், ஒண்டே காலுக்கு முடியும். குறையிற கால் மணித்தியாலத்துக்கு நான் பகிடி சொல்லுறதைக் குறைக்கிறன். விட்டுப்போன பாடங்களையும் ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொண்டாய்ச் சொல்லித்தாறன். பட்டணத்துப் பிள்ளையள் முணுமுணுப்பினம். முணுமுணுக்கட்டும், அவைக்கு நித்திரை அரை மணித்தியாலம்தானே குறையும்."

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் புறப்பட்டது. சந்தியில் நின்ற சேர் கையைக் காட்டவில்லை; காரின் மூடியைத் திறந்து ஆவி பறக்கிற எஞ்சினுக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். இருநூறு பேர் கொட்டகையில் காத்திருந்தார்கள்.

நாலு மணிப் படகு குறிகட்டுவானை விட்டு வெளிக்கிட்டது. கடல் தட்டையாகக் கிடந்தது. கிளின்ரன் பட்டாணிக் கடலை வாங்கிவந்து மூன்று பேருக்கும் நடுவில் வைத்தான். கொஞ்ச நேரம் சேரின் காரை நக்கல் அடித்தார்கள். பிறகு சுமித்திரா கடலை கொறிப்பதை நிறுத்தினாள்.

"எடியே, இனி எங்களுக்குச் சாட்டு இல்லையெல்லோ."

"என்ன சாட்டு?" என்றான் கிளின்ரன்.

"பஸ். இனி முழுப் பாடமும் கேக்கப் போறம். அதுக்குப் பிறகும் பிழை விட்டால்?"

இதை யாரும் யோசிக்கவில்லை. ஒன்றரை வருடமாகத் தன் தலையைப் பழித்தவள், ஒரு கிழமையாகப் பஸ்சைப் பழித்தவள், றொஷானி. இனிப் பழிக்கிறதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை. அடுத்த சனி தொடக்கம் மற்ற இருநூறு பேருக்கும் கிடைக்கிறது அவளுக்கும் முழுசாகக் கிடைக்கும். நினைக்க அவளுக்குப் பயமாக இருந்தது. மற்றவர்களுக்குச் சமமாய் நிற்கிற அந்தப் பயத்துக்காகத்தான் இவ்வளவு நாளும் படகு ஏறினாள் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

"விட்டால் என்னுடைய பிழை" என்றாள். அதைச் சொல்லிப் பார்க்க நன்றாக இருந்தது. தன் ஊர்ப் பேச்சில் இன்னொரு முறை சொன்னாள். "என்ரை சொந்தப் பிழை. ஒருத்தரும் பங்குக்கு வரக்கூடாது."

பிறகு கொப்பியைத் திறந்து, புதுப் பக்கத்தில் திகதி போட்டாள்.